சனி ஞாயிறு இலக்கியம்

பத்திரிகைகளில் வெளியாகும் எழுத்துகளில் விமர்சகன் கண்ணில் படாமலே தப்பித்துக்கொள்வது ஒன்று உண்டு. கதைக்கு விமர்சனம் இருக்கிறது, கவிதைக்கு இருக்கிறது, சினிமாவுக்கோ கேட்கவே வேண்டாம். ஆனால் சென்னைப் பத்திரிகைகள் வார இறுதியில் வெளியிடுகிற 'இந்த வாரம் எங்கே போகலாம், என்ன பார்க்கலாம்' என்ற பக்கத்தை ஓர் எழுத்தாக எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. கச்சேரி எத்தனை மணிக்கு, கண்காட்சி எந்த மைதானத்தில் என்று தெரிந்துகொண்டால் காரியம் முடிந்தது. திங்கட்கிழமை அந்தத் தாள் அலமாரித் தட்டில் விரிக்கப் போய்விடும்.

எனக்கு அந்தப் பக்கத்தின் மேல் நெடுநாளாக ஒரு கண். நான் அதை வாசிப்பது எலவனாசூர்கோட்டையில் என்பதுதான் காரணம். சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சிச் சாலையை விட்டு மேற்கே சேலம் சாலையில் திரும்பினால் வருகிற ஊர். நிகழ்ச்சிக்குப் போக முடியாதவன் நிகழ்ச்சிப் பட்டியலை வாசித்தால் அவனுக்கு மிஞ்சுவது எழுத்து ஒன்றுதான். சாப்பிட்டு முடித்தவன் சமையல் குறிப்புப் படிப்பதைப் போல, உப்பு உறைப்பை நிதானமாகக் கவனிக்கலாம்.

இந்த வகை எழுத்துக்கு மூத்த பிள்ளை சபாக்களின் கச்சேரிப் பட்டியல். 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928-ல் மியூசிக் அகாடமி ஏற்பட்டது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அதிலிருந்து மார்கழி என்றால் பட்டியல், பட்டியல் என்றால் மார்கழி என்றாகிவிட்டது. பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், மணி இத்தனை. ஓர் அடைமொழி கிடையாது. ஆனாலும் தெரிந்தவன் வாசித்தால் அந்த ஒற்றை வரி ஒரு சிறுகதை. போன வருஷம் பகல் 12 மணிக்குப் பாடிய பெண் இந்த வருஷம் 4 மணிக்கு ஏறியிருக்கிறாள். நாலு வருஷம் கழித்து மாலைக் கச்சேரிக்கு வந்தால் அவள் வாழ்க்கையே மாறிவிட்டது என்று அர்த்தம். பத்து வருஷமாக ஒருவருக்கே வாசித்த வயலின்காரர் திடீரென்று வேறொருவர் பக்கத்தில் காணப்பட்டால், 'என்ன சங்கதி?' என்று மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் காப்பி ஆறிப்போகிற வரையில் பேச்சு நடக்கும். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதிக்கு இந்த மாதிரி வாசகர்கள்தாம் பக்கபலம். பட்டியலை ஊன்றிப் படித்தவனே விமர்சனத்தையும் ஊன்றிப் படித்தான்.

குறை என்ன என்றால், தெரியாதவனுக்கு அந்த வரி பூட்டிய கதவு. உள்ளே இருக்கிறவர்கள் உள்ளே இருக்கிறவர்களுக்கு எழுதிக்கொண்டது அது. 2015-ல் பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதத்தை மீனவர் குப்பத்து மேடைக்குக் கொண்டுபோய் மற்றக் கலைகளுடன் சரிசமமாக உட்கார வைத்தார்கள். பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்த காரியம் அது.

இன்றைய வார இறுதிப் பக்கம் இந்தப் பூட்டை உடைத்துவிட்டது. அதற்கு அதைப் பாராட்டவும் வேண்டும். வெளியூரிலிருந்து வந்து சோழிங்கநல்லூர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஊரில் அவளுக்கு மாமன் இல்லை, மச்சான் இல்லை. நாடகத்துக்குப் போகலாமா, தனியாகப் போனால் யாராவது ஏதாவது நினைப்பார்களா என்று தயங்குகிறவளுக்கு 'நீங்கள் வரலாம்' என்று ஒரு பத்திரிகை சொல்வது சின்னக் காரியமா? 2004-லிருந்து ஆகஸ்டு மாதத்தில் சென்னையின் பிறந்த நாளை ஒட்டி நடக்கிற பழைய தெரு உலாக்களுக்கு, அந்தத் தெருவில் பிறக்காதவர்களும் வருகிறார்கள். இந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் சிலருக்குச் செய்தியே எட்டியிராது. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு விளம்பரம் அவ்வளவு வேண்டியதில்லை. அதற்குக் கூட்டம் தானாகவே வருகிறது, புத்தகத்துக்குப் பாதி, மிளகாய் பஜ்ஜிக்குப் பாதி.

ஆனால் எழுத்து என்று பார்த்தால் இந்தப் பக்கம் தேறாது. எல்லாம் ஒரே அளவு. மண்பாண்ட வகுப்பும் நாய்க் கண்காட்சியும் பழைய கோயிலும் புதிய ஓட்டலும் ஆளுக்கு ஐந்து வரி. எல்லாமே 'மறக்க முடியாத அனுபவம்'. வாரத்துக்குப் பத்து மறக்க முடியாத அனுபவங்கள் என்றால் வருஷத்துக்கு 520. எந்த மனிதனுக்கு அவ்வளவு ஞாபக சக்தி? வினைச்சொற்களைப் பாருங்கள்: பாருங்கள், ருசியுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்புங்கள். எல்லாம் ஞாயிறு இரவுக்குள் முடிந்துவிட வேண்டிய வினைகள். கேளுங்கள், காத்திருங்கள், கைகொடுங்கள் என்பவை இந்தப் பக்கத்து அகராதியில் இல்லை.

நகரத்துக்குள் சரக்குத் தீர்ந்ததும் பக்கம் வெளியூர் கிளம்பும். முதலில் மகாபலிபுரம், பிறகு புதுச்சேரி, செஞ்சி. அப்புறம் எங்கள் பக்கம் வரும். கல்வராயன் மலை, பெரியார் அருவி, மேகம் அருவி, கோமுகி அணை. இங்கேதான் எனக்கும் பேச உரிமை வருகிறது. அருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரு சொல்லைக் கைவிடுவதில்லை: 'அறியப்படாத'. இது செயப்பாட்டுவினை செய்கிற மாயம். யாரால் அறியப்படாத? அந்த மலையில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 1976 வரையில் மூன்று ஜாகிர்தார்களின் கீழே இருந்துவிட்டு, அதன் பிறகுதான் நேரடியாக அரசாங்கத்தின் கைக்கு வந்த மலை அது. நாடு சுதந்தரம் அடைந்து 29 வருஷங்கள் கழித்து! அந்த மக்களுக்கு அருவி தெரியும், அருவிக்கு அவர்களைத் தெரியும். 'அறியப்படாத' என்று எழுதியவுடன் அருவி மட்டும் நிற்கிறது, ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள். ஒரு பெயரெச்சம் இத்தனை பேரை விழுங்கக் கூடுமா என்று கேட்கலாம். நாவல் எழுதுகிறவனைக் கேளுங்கள், சொல்லுவான்.

எங்கள் வட்டாரத்திலும் நிகழ்ச்சிப் பட்டியல் உண்டு. அதன் ரகம் வேறு. கோடையில் ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். மஞ்சள் காகிதத்திலோ ரோஜா நிறக் காகிதத்திலோ முழங்கை நீளத்துக்கு ஒரு நோட்டீஸ். பிற்பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், இரவெல்லாம் கூத்து. இன்ன நாள் திரௌபதி கல்யாணம், இன்ன நாள் அர்ச்சுனன் தபசு, இன்ன நாள் துரியோதனன் படுகளம், மாலை தீமிதி. எழுத்துப் பிழை ஏராளம். 'மெய்யன்பர்களே' என்று தொடங்கினால் மூச்சுவிடாமல் பதினைந்து வரி ஓடும். அச்சுக்கோத்தவர் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று தெரியாமல் ஒரு பூப்படத்தை வைத்திருப்பார்.

ஆனால் வெற்று வரி ஒன்று கிடையாது. ஒவ்வொரு நாளுக்கும் எதிரே 'உபயம்' என்று ஒரு கட்டம். அதில் ஒரு பெயர். வாசகன் முதலில் சாமி பெயரைப் பார்ப்பதில்லை. தன் வீட்டுப் பெயர் எங்கே, பங்காளி பெயருக்கு மேலா கீழா என்று பார்க்கிறான். கீழே இருந்தால் அன்று இரவு கூத்துக்கு முன்பே வேறொரு பாரதம் அரங்கேறும். தலைக்கட்டு வரி கொடுத்தவன் அவன். நோட்டீஸ் அவனைப் 'பாருங்கள்' என்று அழைப்பதில்லை. உன் பங்கு இது என்று சொல்லுகிறது. கோயில் சுவரில் கல்வெட்டாக இருப்பதும் ஏறக்குறைய இதே இலக்கியம்தான். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, சில ஊர்களில் 90 ஆடு. கொடுத்தவன் பெயர், பெற்றுக்கொண்டவன் பெயர். எலவனாசூர்கோட்டைச் சிவன் கோயிலில் சுவாமிக்குக் கிராம அர்த்தநாரீசுவரர் என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகள் 'ஊர்பாகங்கொண்டருளிய மகாதேவர்' என்கின்றன. அம்மையோடு பாகம் கொண்டவரை ஊரோடும் பாகம் கொண்டவராக்கிய அந்தப் பெயரை வைத்தவன் நல்ல எழுத்தாளன்.

நோட்டீஸின் கடைசி வரிக்கு வருவோம். 'இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்.' இந்த வரியில்தான் நான் அதோடு சண்டை போடுகிறேன். ஊர் என்பது எந்தத் தெருவோடு முடிகிறது? விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வருவது பற்றிய தகராறினால் 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தார்கள். எல்லோருக்குமாகக் கதவு திறந்தது 2025 ஏப்ரலில். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே எடுத்தவாய்நத்தம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 2, வைகுண்ட ஏகாதசி அன்று; அதுவும் போலீஸ் காவலோடு. பங்கு பேசுகிற எழுத்து யாருக்குப் பங்கில்லை என்பதை மட்டும் அச்சடிப்பதில்லை. இந்த இடத்தில் சென்னைப் பக்கத்தின் சாதாரணமான 'நீங்கள்' எனக்குத் திடீரென்று பெரிய சொல்லாகத் தெரிகிறது. அது யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. டிக்கெட்டுக்குக் காசு கேட்கும், அவ்வளவுதான். அதுவும் ஒரு வாசல்தான், இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டு எழுத்தும் மோதிக்கொள்கிற இடம் ஒன்று உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலேயே இருக்கிறது: கூவாகம். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் கோயிலில் 18 நாள் திருவிழா. களப்பலிக்குப் போகிற அரவானைக் கிருஷ்ணன் மோகினியாகி ஓர் இரவுக்கு மணந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திருநங்கையர் வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள். அந்த வாரத்தை ஒட்டி விழுப்புரத்தில் அழகிப் போட்டி. வார இறுதிப் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து உண்டா? வருஷந்தோறும் வண்ணப் படம், பட்டுப்புடவை, மல்லிகைப் பூ.

ஆனால் தாலி கட்டுவது சனிக்கிழமையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. 2023-ல் மே 2, 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 13, மூன்றும் செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன்கிழமை தேர். சித்திரை நிலவுக்குச் சென்னை ஆபீஸ்களின் விடுமுறை தெரியாது. இன்னொன்று: தாலி கட்டிக்கொள்கிறவர்கள் திருநங்கையர் மட்டும் அல்லர். சுற்று வட்டாரத்து ஆண்களும், நேர்த்திக்கடன் உள்ள குடியானவர்களும், கட்டிக்கொள்கிறார்கள். அரவானின் உடம்பைச் சுற்றுப்பட்டு ஊர்கள் ஆளுக்கொரு பாகமாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதாவது இதிலும் ஊர்க்காரனுக்கு உபயம் உண்டு, வந்தவர்களுக்கும் உண்டு. பத்திரிகைப் படத்தில் குடியானவனைக் காணோம். அவன் இருந்தால் இது 'வினோதம்' ஆகாது. பக்கத்து வீட்டுச் சமாசாரம் ஆகிவிடும்.

1990களில் சு. சமுத்திரம் 'வாடாமல்லி' நாவலை எழுதினார். அலி என்று தெருவில் கேலி பேசப்பட்ட ஒரு ஜீவனை ஆனந்த விகடன் வாசகர்களின் நடுவீட்டுக்குத் தொடர்கதையாக அழைத்து வந்தார். நாவலில் பிரசங்கம் அதிகம் என்று எனக்கு அபிப்பிராயம் உண்டு. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு ஆசிரியரே பேசுகிறார். இருந்தாலும் அவர் அந்த ஜனங்களை விழா நாளில் மட்டும் பார்க்கவில்லை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட நாளிலும், சாப்பாட்டுக்கு வழியில்லாத நாளிலும் பார்த்தார். 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் வந்தது, 2014-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே ஒரு நாவல் வாசகனைத் தயார் செய்துகொண்டிருந்தது. வண்ணப் படம் யாரையும் தயார் செய்யவில்லை, வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்த்தது. வேடிக்கைக் கூட்டத்துக்குள் அந்தப் பெண்கள் படுகிற தொல்லையைப் பற்றி அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

படங்கள் எல்லாம் செவ்வாய் இரவோடு முடிந்துவிடுகின்றன. புதன்கிழமை காலையில் அரவான் தேரில் ஏறி அழுகளத்துக்குப் போகிறான். அங்கே தாலியை அறுத்து, வளையலை உடைத்து, பூவைப் பிய்த்தெறிந்துவிட்டு அழுகிறார்கள். பிறகு குளித்து வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு, முந்தின நாள் வந்த பஸ்களிலேயே ஊர் திரும்புகிறார்கள். அந்த பஸ்களில் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவர்களும் உண்டு, எழுந்து நிற்கிறவர்களும் உண்டு. வருகிற சித்திரையில் இந்தப் பக்கத்தை எழுதப்போகிறவர் யாரோ, அவர் புதன்கிழமை உச்சி வரையில் இருந்து, உளுந்தூர்ப்பேட்டைக்கு அந்த பஸ்ஸில் ஒன்றில் வந்து பார்த்துவிட்டு ஐந்து வரி எழுதட்டும். நான் எலவனாசூர்கோட்டையில் வாங்கிப் படிக்கிறேன்.