கருவியின் கலையும் காலத்தின் தீர்ப்பும்

மாலை மயங்கும் நேரம். அண்ணனூர் இரயில் நிலையத்தின் நடைமேடையில் நாம் அமர்ந்திருந்தோம். பணிமனையை நோக்கி வெற்றுப் பெட்டிகளோடு மின்சார இரயில் ஒன்று மெல்ல நகர்ந்து கொண்டிருந்தது. அருகிலிருந்த இளைஞர் ஒருவரின் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கேட்டதும் உள்ளம் துணுக்குற்றது. அது மர்ஹூம் ஷாகுல் ஹமீது அவர்களின் குரல். பாடலோ நாம் முன்பு கேட்டிராதது.

“தம்பி, இது பழைய பாடலா?” என்று வினவினோம்.

“இல்லை பாய், புதுப் பாட்டு. ஏ.ஐ. பாடியது” என்றார் அவர்.

1997ஆம் ஆண்டில் சாலை விபத்தில் மறைந்தவர் ஷாகுல் ஹமீது. ‘திருடா திருடா’ படத்தில், இசைக்கருவிகளின் துணையை நாடாது, மனிதக் குரல்களையே பின்னணியாகக் கொண்டு அவர் பாடிய பாடலைத் தமிழகம் இன்னும் மறக்கவில்லை. அவருடைய குரலையும், 2022ஆம் ஆண்டில் மறைந்த பம்பா பாக்கியாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீட்டெடுத்து, ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில் 2024ஆம் ஆண்டு ஏ.ஆர். ரஹ்மான் ஒலிக்கச் செய்தார். இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாக அவரே அறிவித்தார்.

இரயில் வந்தது, இளைஞர் ஏறிச் சென்றார். ‘ஏ.ஐ. பாடியது’ என்ற சொல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. கருவி பாடியதா? பாடியது யார்? இத்தகைய படைப்புக்குக் கலை என்னும் தகுதி எப்போது, எவ்வாறு வாய்க்கிறது? இதனைச் சற்று ஆராய்வோம்.

புதிய கலை ஒன்று ஏற்புப் பெற மூன்று வாயில்கள் உண்டு. ஒன்று சந்தை, மற்றொன்று சட்டம், மூன்றாவது காலம்.

சந்தையின் வாயில் சட்டெனத் திறக்கும். 2018ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க்கின் கிறிஸ்டி ஏல நிறுவனத்தில் ‘எட்மண்ட் டி பெலமி’ என்னும் உருவப்படம் ஏலத்திற்கு வந்தது. பிரான்சு நாட்டு ‘ஆப்வியஸ்’ குழுவினர் கணினியைக் கொண்டு ஆக்கிய படம் அது. பத்தாயிரம் டாலருக்கு மேற்போகாது என மதிப்பிடப்பட்டது, 4,32,500 டாலருக்கு விலைபோயிற்று. ஓவியன் கையொப்பமிடும் இடத்தில் ஒரு கணிதச் சூத்திரம் பொறிக்கப்பட்டிருந்தது. உலகமே வியந்தது. ஆனால் அதன் பின்னணியில் இருந்த செய்தி என்ன? வேறோர் இளைஞர் பொதுவில் வெளியிட்டிருந்த நிரலின் உதவியைக் குழுவினர் பெற்றிருந்தனர். கருவிக்குப் பாடமாக அமைந்தவையோ, பல நூற்றாண்டு ஓவியர்கள் தீட்டிய பதினையாயிரம் உருவப்படங்கள். இத்தனை பேரின் உழைப்பும் அந்த ஒற்றைச் சூத்திரத்தின் பின்னே மறைந்து போயிற்று. விலை உயர்ந்தது; ஆனால் வினா தீரவில்லை.

சட்டத்தின் வாயிலைப் பார்ப்போம். தில்லியைச் சேர்ந்த வழக்கறிஞர் அங்கித் சாஹ்னி, தாம் எடுத்த அந்திவானப் புகைப்படம் ஒன்றை ‘ராகவ்’ என்னும் கணினிச் செயலிக்கு அளித்தார். வான்கோவின் புகழ்பெற்ற விண்மீன் இரவு ஓவியத்தின் பாணியையும் அதற்குக் காட்டினார். ‘சூர்யாஸ்த்’ என்னும் ஓவியம் பிறந்தது. செயலியை மட்டுமே ஆசிரியராகக் காட்டிய விண்ணப்பத்தை நம் நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் ஏற்கவில்லை. சாஹ்னியோடு செயலியையும் இணை ஆசிரியராகக் காட்டிய விண்ணப்பத்தை 2020ஆம் ஆண்டில் ஏற்றுப் பதிவு செய்தது. மறு ஆண்டே, செயலியின் சட்டத் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கி, பதிவைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு அனுப்பியது! அதே 2021இல் கனடா அவ்வோவியத்தைப் பதிவு செய்தது. 2023 டிசம்பரில் அமெரிக்க அலுவலகம் முடிவாக மறுத்துவிட்டது. ஓர் ஓவியம், மூன்று நாடுகள், மூன்று தீர்ப்புகள்!

இத்தனைக்கும் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், கணினியால் ஆக்கப்படும் படைப்புக்கு, அதனை ஆக்குவிக்கும் நபரே ஆசிரியர் என்னும் விதி 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இடம்பெற்றுவிட்டது. ஆக்குவிப்பவர் யார் என்பதில்தான் சிக்கல். படம் எடுத்தவரா? செயலியை எழுதியவரா? பாணியை வழங்கிவிட்டு என்றோ மண்ணில் மறைந்த ஓவியரா?

இனி, காலம். இங்கிலாந்தில் பிறந்த ஓவியர் ஹெரால்டு கோஹன், 1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் குடியேறி, அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் ‘ஆரன்’ என்னும் நிரலை எழுதலானார். பிறர் ஓவியங்களை அதற்கு ஊட்டவில்லை. கோடு எவ்வாறு வளைய வேண்டும், உருவம் எங்கே முடிவுற வேண்டும் என்னும் விதிகளைத் தாமே எழுதினார். தொடக்கத்தில் கருவி கோடு மட்டும் வரையும். வண்ணத்தை அவரே கையால் தீட்டுவார். பின்னர் வண்ணம் தேரும் கலையையும் அதற்குக் கற்பித்தார். 1977இல் ஜெர்மனியின் காசெல் நகரக் கண்காட்சியிலும், 1983இல் இலண்டன் டேட் காட்சிக்கூடத்திலும் அப்படைப்புகள் இடம்பெற்றன. 2016இல் கோஹன் மறைந்தார். 2024இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் ‘ஆரன்’ படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சியே நடத்தியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு! ஒருவர் தம் வாழ்நாளையே பிணையாக வைத்தார். அதனால் காலம் நம்பிற்று.

இம்முறை நமக்குப் புதிதன்று. வள்ளல் சீதக்காதி தூண்ட, அபுல் காசிம் மரைக்காயர் ஆதரிக்க, உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணம் அச்சேறியது 1842ஆம் ஆண்டில்தான். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அப்பணியைச் செய்தார். அதுவரை நூறாண்டுகளுக்கும் மேலாக ஏட்டிலிருந்து ஏட்டிற்கு எழுதியோரும், நாவிலிருந்து செவிக்கு ஓதியோரும் அதனைக் காத்தனர். பாடியவர் யார், ஆதரித்தவர் யார், பதிப்பித்தவர் யார் என்று இன்றும் நம்மால் பெயர் சொல்ல முடிகிறது. ஏற்பு என்பது ஒரு நாள் அரங்கில் எழும் கைத்தட்டலன்று. பெயர் அறுபடாத சங்கிலி.

இந்த உரைகல்லில் ‘திமிறி எழுடா’ பாடலை உரைத்துப் பார்ப்போம். குரலுக்குரியவரின் பெயர் மறைக்கப்படவில்லை. குடும்பத்தாரின் இசைவும் பெறப்பட்டது. இது பாராட்டத்தக்கது. குரல் ஓர் அமானிதம்; உரியவரைக் கேளாமல் அதனைக் கையாள எவருக்கும் உரிமையில்லை. எனினும் ஒரு குறையை நாம் சொல்லியாக வேண்டும். இத்தகைய முறையில், பொதுவாக வாழும் பாடகர் ஒருவர் முதலில் பாட, கருவி அக்குரலின் நிறத்தை மாற்றித் தருகிறது. குரலின் நிறம் ஷாகுல் ஹமீதுடையதாக இருக்கலாம். எவ்விடத்தில் மூச்சை நிறுத்துவது, எச்சொல்லை அழுத்துவது என்னும் முடிவு அவருடையதன்று. பாடுதல் என்பது அந்த முடிவுகளேயன்றி வேறென்ன? எனவே நடைமேடையில் நாம் கேட்டது அவருடைய சாயல். அவருடைய பாட்டு அன்று.

சாயலுக்கும் ஒரு மதிப்புண்டு. மறைந்த தந்தையின் புகைப்படத்தைக் காணும் மகனின் கண் கசிவதில் வியப்பில்லை. ஆயினும் அப்படத்தைத் தந்தை என்று அவன் அழைப்பதில்லை. கருவிக்கலையை வெறுக்கவும் வேண்டா. வியந்து வணங்கவும் வேண்டா. குரல் தந்தவர், அடியில் பாடியவர், கருவியை இயக்கியவர், இசையமைத்தவர் ஆகிய நால்வர் பெயரும் வரிசை பிறழாமல் பொறிக்கப்படட்டும். அதன்பின் பாடல் நிற்பதும் வீழ்வதும் கேட்போர் செவியைப் பொறுத்தது.

அந்த இளைஞரை மீண்டும் காண நேர்ந்தால் ஒன்று சொல்வோம்: “தம்பி, ஏ.ஐ. பாடியது என்று சொல்லாதே. ஷாகுல் ஹமீது பாடிய பழைய பாடலை ஒருமுறை கேள். பிறகு இதனைக் கேள். வேறுபாடு உன் செவிக்கே விளங்கும்.”

ஒப்பிட்டுக் கேட்கும் அத்தகைய செவிகள் உள்ளவரை கலைக்கு அழிவில்லை. காலம் வழங்கும் தீர்ப்பு என்பதும், அச்செவிகள் தலைமுறை தலைமுறையாக வழங்கும் தீர்ப்பேயாகும்.