தலையணை உறையில் ஒரு கனகாம்பரம்

அனுமந்தன்பட்டியில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. படுக்கப் போகும்போது அத்தை தலையணைக்கு உறை மாற்றிக் கொடுத்தாள். வெள்ளைத் துணி, மூலையில் நூலால் தைத்த கனகாம்பரக் கொத்து.

"நீங்க போட்டதா அத்தை?" என்றேன்.

"பொழுது போகாமப் போட்டது தம்பி. அதப் போயிப் பெரிசாக் கேக்குறியே!" என்றாள்.

தன் படைப்பைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசிய எழுத்தாளர் எவரையும் நான் சந்தித்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பூத்தையலைக் கலை என்று ஒப்புக்கொள்ள நம் ரசிகர்களுக்குத் தயக்கம் உண்டு. கார்பன் தாள் வைத்துப் படியெடுத்த சீமை ரோஜாக்களைப் பார்த்தால் அந்தத் தயக்கம் நியாயமே. கையால் செய்தது என்பதற்காக மட்டும் ஒன்றைக் கொண்டாட என்னால் முடியாது. ஆனால் அத்தையின் பூ புத்தகத்திலிருந்து வந்ததல்ல. கனகாம்பரத்தின் இதழ்கள் வட்டமாகச் சுற்றி நிற்பதில்லை. ஒரே பக்கமாக, விசிறிபோல் விரியும். அச்சுப் படம் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அத்தை கவனித்திருக்கிறாள். அதோடு, ஒவ்வோர் இதழிலும் நூல் ஓடும் திசையைச் சற்றே மாற்றியிருக்கிறாள். விளக்கொளி பட்டதும் ஒரே ஆரஞ்சு நூல் ஓரிடத்தில் மின்னிற்று, ஓரிடத்தில் மங்கிற்று. வாடத் தொடங்கிய பூ ஒன்றும் அதில் இருந்தது!

நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் துணியில் கோடுகூடப் போடாமல், இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூத்துக்குளிப் போர்வையில் தைக்கிறார்கள். இறந்தவர் உடலுக்கும் அதைப் போர்த்துவது அவர்கள் வழக்கம். 2013-இல் அந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் ஒரு குலமாகச் சேர்ந்து காப்பாற்றும் கலைக்குத்தான் அத்தகைய குறியீடு வரும். தலையணை மூலையில் தனியே பூத்ததற்கு யார் கொடுப்பது?

அத்தைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. பேத்தி கல்யாண ரவிக்கைக்குக் கம்பத்தில் ஆரி வேலைக்குக் கொடுத்திருக்கிறாள். அதுவும் கைவேலைதான், அழகாகவே இருந்தது. ஆனால் அது என்ன பூ என்று கேட்டேன், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உறையைத் திருப்பிப் போட்டுத்தான் படுத்தேன். விடிந்து பார்த்தால், அத்தை அதை மற்றத் துணிகளோடு சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள்.