ஏலத்துக்கே ஏலம்

போடிநாயக்கனூர் கடைத்தெருவில் ஏலக்காய் மண்டிக்கு வழி கேட்க வேண்டாம், மூக்கு போதும். இடுக்கி மலைத் தோட்டங்களில் பறித்து, பச்சை மங்காமல் சூட்டறையில் உலர்த்திய காய் இங்கே வந்து இறங்குகிறது. சல்லடையில் அளவு பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும் காய்க்குத் தனி மரியாதை, தனி விலை. வெடித்ததையும் வெளுத்ததையும் கண்டுபிடிக்கப் பெண்களின் விரல்தான் வேண்டும். சுளகை ஒரு தட்டு. வாய் ஊர்க்கதை பேச, கை சொத்தையைத் தள்ளிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்றுவிட்டேன்.

நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் இப்போது கணினித் திரையில் நடக்கிறது. ஏலத்தை ஏலம் விடும் ஊர்! இந்தச் சிலேடை தமிழுக்கு வாய்த்தது.

1928இல் இந்த ஊருக்கு வந்த ரயில், அகலப்பாதைக்காக நின்றுபோய், 2023இல் திரும்பியது. அதில்தான் ஊர் திரும்பினேன். வாங்கியது நூறு கிராம். பையைத் திறக்காமலே பெட்டி மணத்தது.