மேடைக்குத் திரும்பிய கணுக்கால்

மாஸ்கோவின் போல்ஷோய் நாட்டியக் குழுவில் முதன்மை நடனக்காரராக அமர்ந்த முதல் அமெரிக்கர் என்ற கீர்த்தியை 2011-இல் அடைந்த டேவிட் ஹால்பர்க், மூன்றே ஆண்டுகளில் கணுக்கால் உபாதையால் ரங்கத்தை விட்டு இறங்க நேர்ந்து, சஸ்திர சிகிச்சைக்குப் பின்னும் குணம் காணாமல், நடனத்தையே துறந்துவிடலாமா என்னும் எல்லைவரை போய், கடைசியில் 2015-இல் மெல்போர்னிலுள்ள ஆஸ்திரேலிய பாலே குழுவின் சிகிச்சைக் கூடத்தை நாடிச் சென்றார். வேகப் பந்துவீச்சாளர் ஒருவரின் கணுக்கால் வீங்கினால் தினந்தோறும் அறிக்கை வெளியிடும் பத்திரிகையுலகம், அதே கணுக்காலை அதைவிடக் கொடுமையாக வருத்தும் நடனக்காரரை விளையாட்டுப் பக்கத்தில் சேர்ப்பதில்லை. அது சரியன்று என்பது நமது அபிப்பிராயம்.

நம்மவர்கள் காலில் எது வலித்தாலும் 'நரம்பு பிசகிவிட்டது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். உண்மையில் வலிப்பது பெரும்பாலும் நரம்பன்று. எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். ஹால்பர்க்கின் துன்பம் கணுக்காலின் உட்புறத் தசைநாரைப் பற்றியது. ஆயினும் பாலே ஆடுவோரை ஓயாமல் வாட்டுகிறவை தசைநாண்களே. அவற்றுள்ளும் பெருவிரலை மடக்கும் நெடுநாணின் கதை விசேஷமானது.

கெண்டைக்காலின் ஆழத்தில் பிறந்து, கணுக்கால் எலும்பின் பின்னே உள்ள ஒரு குறுகிய சுரங்கத்துள் நுழைந்து, உள்ளங்கால் வழியே ஓடிப் பெருவிரலைப் பற்றும் அந்த நாண், விரல்நுனியில் சரீரம் முழுவதையும் தாங்கி நிற்பதும் மறுகணமே முழங்கால் மடக்கித் தாழ்வதுமாகிய அப்பியாசம் நாளெல்லாம் மாறி மாறி நடக்கையில், கிணற்று ராட்டினத்தில் கயிறு தேய்வதுபோலத் தேய்ந்து, தடித்து, சில சமயம் முடிச்சாகத் திரண்டு, மடங்கிய பெருவிரலை நிமிரவிடாமல் மாட்டிவைத்துப் பின் 'டக்'கென்று விடுவிக்கிறது. இது போதாதென்று, சிலருக்குக் கணுக்காலின் பின்புறம் ஒட்டாமல் நிற்கும் சிறு எலும்பொன்று இயல்பாகவே அமைந்திருந்து, நுனிக்காலில் எழும்போதெல்லாம் பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கைப்போல் நசுங்கும். நியூயார்க் நகர பாலே குழுவின் எலும்பு வைத்தியராக நெடுங்காலம் பணியாற்றிய வில்லியம் ஹாமில்டன், நடனக்காரருக்குப் பாதத்தின் குதிகால் நாண் பெருவிரலின் இந்த நெடுநாணே என்று சொன்னது மிகையன்று. வலி உட்கணுக்காலின் பின்னே தோன்றுவதால் குதிகால் நாணின் நோயென்று மயங்குவோர் உண்டு. பெருவிரலை மட்டும் அசைத்துப் பார்த்தால் உண்மை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

சிகிச்சை என்றதும் ஓய்வையே சொல்வார்கள். முதல் சில நாட்களுக்கு அது நியாயம். ஆனால் தசையைப்போல் ரத்த ஓட்டம் பெறாத தசைநாண் மெதுவாகவே தேறும் இயல்புடையது; பாரம் சுமக்காமல் வாரக்கணக்கில் கிடந்தால் வலி அடங்கினும் வலுவும் உடன் போய்விடுமாகையால், ஓய்ந்திருந்து மேடையேறிய முதல் வாரத்திலேயே பழைய நோவோடு திரும்புகிறவர் அநேகர். வீக்கத்தை அமர்த்தும் ஸ்டீராய்டு ஊசியோ, நாணிலேயே இறங்கிவிட்டால் அதை அறுந்துபோகும் அளவுக்கு நலிவிக்கக்கூடும். நாளை மறுநாள் அரங்கேற வேண்டுமென்று அவ்வூசியைக் கேட்டு வாங்குவதை நாம் துணிவென்று சொல்லமாட்டோம்.

பாரமே மருந்து என்பதை ஸ்வீடன் தேசத்து வைத்தியர் ஹோக்கன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகறியச் செய்தது. படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை நாளைக்கு 180 தடவை, 12 வாரம் செய்விப்பது அவர் முறை. அவருடைய குதிகால் நாணே நெடுநாள் நொந்திருந்ததாம். மேலதிகாரி சஸ்திர சிகிச்சைக்கு இணங்காததால், அறுந்தாலாவது செய்வாரென்று அதை வேண்டுமென்றே வதைக்கப்போக, வலி நீங்கிற்று என்பது அவரைப்பற்றி வைத்திய உலகில் வழங்கும் கதை.

மெல்போர்ன் குழுவினர் இத்தத்துவத்தை நடனக்காரரின் நித்திய கர்மமாகவே ஆக்கிவிட்டனர். சூசன் மேய்ஸ் என்னும் பிசியோதெரபி நிபுணரின் மேற்பார்வையில், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் எளிய பயிற்சியை அன்றாடம் செய்வித்து, கத்தியைக் கடைசிப் புகலாக ஒதுக்கி வைத்தனர். உலகப் புகழ்பெற்ற ஹால்பர்க்கையும் அவர்கள் ஆரம்ப மாணவனைப்போல் அடிப்படையிலிருந்தே தொடங்கச் செய்தார்கள். மேடைத் தேதியை முன்னே குறித்துவிட்டு உடலை அதற்கு இழுத்துச் செல்லாமல், உடல் சொன்ன பிறகு தேதி குறித்ததே அச்சிகிச்சையின் வெற்றி என்பது நமது தீர்ப்பு.

ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிப் பயின்ற அவர், 2016 டிசம்பரில் சிட்னி ஆப்பரா மாளிகையில் 'கொப்பேலியா' பாலேயின் கதாநாயகனாக மீண்டும் ஆடினார். தம்மை நடக்கவும் குதிக்கவும் திரும்பக் கற்பித்த அதே குழுவுக்கு 2021 முதல் அவரே கலை இயக்குநர்.