அடுத்து என்ன வரும், டீச்சர்?
‘பிரெஞ்சு இன் ஆக்‌ஷன்’ காணொளித் தொடர்: ஒரு தமிழாசிரியரின் பார்வை

என் உயர்நிலை இரண்டு வகுப்பு மாணவி ஒருத்தி, வாரத்தில் ஒரு நாள் பள்ளி முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கல்வி அமைச்சின் மொழி நிலையத்துக்கு ஓடுவாள். அங்கே மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு படிக்கிறாள். மறுநாள் என் வகுப்பில் கருத்தறிதல் தாளை நீட்டினால் முகம் சுருங்கிவிடும். ஒருநாள் கேட்டேவிட்டேன். “அங்க மட்டும் அவ்வளவு சந்தோஷமாப் போறியே, ஏம்மா?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அங்க அடுத்து என்ன வரும்னு தெரியாது டீச்சர். இங்க எல்லாம் தெரியும்.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாம் மொழிக்குப் போகிறவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகள், அவர்களே விரும்பிப் போகிறவர்கள். தமிழோ எல்லாரும் படித்தாக வேண்டிய பாடம். இரண்டையும் ஒப்பிடுவது நியாயமா என்று மனத்துக்குள் வாதாடினேன். அந்த வாதம் இன்றும் சரிதான். ஆனால் அவள் சொன்னதற்கு அது பதில் ஆகாது.

பதில் தேடித்தான் இந்தத் தொடரைப் பார்க்க உட்கார்ந்தேன். அதற்கு முன்பே நான் பிரெஞ்சு கற்க முயன்றவள். கைப்பேசிச் செயலி ஒன்றில் 214 நாள் விடாமல் பயிற்சி செய்தேன். புள்ளி ஏறியது, பதக்கம் வந்தது. ஒருநாள் இந்த மாணவி விளையாட்டாகப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். வார இறுதி எப்படிப் போனது என்பதுதான் கேள்வியாம். எனக்கு வாய் திறக்கவில்லை. 214 நாளும் நான் ரசித்தது பிரெஞ்சை அல்ல, நாள் கணக்கு அறுந்துவிடாமல் காப்பதை என்று அப்போதுதான் புரிந்தது. நம் வகுப்பில் ஒட்டுப்படமும் புள்ளியும் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் அன்றுதான் யோசித்தேன்.

தொடர் எப்படிப்பட்டது?

‘பிரெஞ்சு இன் ஆக்‌ஷன்’ 1987-இல் வந்தது. உருவாக்கியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்த பியர் காப்ரெட்ஸ். மொத்தம் 52 பாடங்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். முதல் பாடம் மட்டும் ஆங்கிலத்தில் ஓர் அறிமுகம். இரண்டாம் பாடத்திலிருந்து எல்லாமே பிரெஞ்சுதான். மொழிபெயர்ப்பு கிடையாது.

காப்ரெட்ஸ் ஒரு வகுப்பறையில் நிற்கிறார். எதிரே பல நாட்டு மாணவர்கள். “நாம் சேர்ந்து ஒரு கதை கட்டுவோம்” என்கிறார். நாயகன் யார், நாயகி யார், எந்த ஊர் என்று வகுப்பே பேசி முடிவு செய்கிறது. அப்படிப் பிறக்கிறார்கள் பாரிஸுக்கு வரும் அமெரிக்க இளைஞன் ரோபேரும் சொர்போனில் படிக்கும் மிரேயும். மிரேயின் குட்டித் தங்கை மரி-லோர், ஜோர்ஜெத் அத்தை, கறுப்பு உடையில் அவ்வப்போது வந்துபோகும் மர்ம மனிதர் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிடுகிறது. நாயகனும் நாயகியும் நேரில் சந்திக்கவே பத்துப் பாடங்களுக்கு மேல் ஆகிறது! அதுவரை நாம் காத்திருக்கிறோம். காத்திருக்கும் நேரத்தில் மொழி உள்ளே இறங்குகிறது.

கதைப் பகுதி முடிந்ததும் காப்ரெட்ஸ் வருவார். பாடத்தில் வந்த ஒரு சொல்லைப் பழைய திரைப்படம், விளம்பரம், கேலிச்சித்திரம் என்று பல துண்டுகளில் காட்டுவார். பொருளை அவர் சொல்வதில்லை. நான்காவது துண்டு வருவதற்குள் நமக்கே பிடிபட்டுவிடும். அந்த நொடியில் வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அதை எந்தப் பதக்கமும் தராது.

எனக்குப் பிடித்தவை

முதலாவது, புரியாமல் இருக்கக் கற்பவருக்கு அனுமதி உண்டு. பாத்திரங்கள் இயல்பான வேகத்தில் பேசுகிறார்கள். ஐந்தில் ஒன்றுதான் புரிகிறது. ஆனாலும் யார் யாரோடு கோபமாக இருக்கிறார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்பது தெரிகிறது. நாம் என்ன செய்கிறோம்? பாடத்தைத் தொடங்கும் முன்பே பத்து அருஞ்சொற்களைப் பொருளோடு பலகையில் எழுதிவிடுகிறோம். கண்டுபிடிக்க மிச்சம் ஒன்றும் இல்லை. “இங்க எல்லாம் தெரியும்” என்று அவள் சொன்னது இதைத்தானோ?

இரண்டாவது, பேச்சுமொழிக்குக் கூச்சம் இல்லை. எழுத்தில் ‘ஜ ந ஸே பா’ என்று நான்கு சொல்லாக இருக்கும் ‘எனக்குத் தெரியாது’, வாயில் ‘ஷே பா’ என்று சுருங்குகிறது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ நம் வீட்டில் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ ஆவது போல. இப்படிப்பட்ட பேச்சை முதல் நாளிலிருந்தே காதில் விழவைப்பதுதான் கற்பவருக்குச் செய்யும் உதவி. நம் பாடத்திட்டத்திலும் பேச்சுத்தமிழுக்கு இடம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் மாணவர் ‘போறேன்’ என்றால் நம் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடுகிறது, இல்லையா?

நம் பிள்ளைகளிடம் சொல்லவேண்டிய ஒன்றும் கிடைத்தது. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் பலருக்குப் பெரிய தலைவலி. தமிழ் பேசுகிறவர்களிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன. ‘மரம்’ என்பதைப் பேச்சில் எப்படி முடிக்கிறோம் என்று கவனியுங்கள். உதடு மூடுவதில்லை, ‘ம்’ மூக்கில் கரைந்துவிடுகிறது. ‘நல்லது’ என்னும் பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் ‘போன்’ முடிவதும் ஏறக்குறைய அப்படித்தான். ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடும் அங்கே உண்டு. இதை மாணவியிடம் சொன்னபோது, “அட, அதான் எனக்கு ஈஸியா இருந்துச்சா!” என்றாள். அவளுடைய தமிழ் அவளுக்கு உதவியிருக்கிறது என்று அன்றுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. நானும்தான்.

ஒப்ப முடியாதவை

குறைகள் சிறியவை அல்ல. கேமரா பெரும்பாலும் ஓர் ஆணின் கண்ணாக மிரேயைப் பார்க்கிறது. பூங்காவில் உட்கார்ந்திருப்பவளிடம் யாராவது ஒருவன் வந்து வழிகிறான், அது நகைச்சுவையாகிறது. 1990-இல் யேல் மாணவிகள் சிலர், பெண்களைக் காட்டும் விதத்துக்காக இந்தத் தொடர்மேல் புகார் செய்தார்கள், செய்தித்தாள்களும் எழுதின. ‘பிரெஞ்சுப் பண்பாட்டை உள்ளபடி காட்டுகிறோம்’ என்று வாதிடலாம். எனக்கு அது போதவில்லை. கதையோடு ஒன்றிப்போவதுதான் இம்முறையின் உயிர். வகுப்பில் பாதிப்பேர் நாயகியை வெளியிலிருந்து பார்க்கவேண்டியிருந்தால், அவர்கள் எங்கே நின்று ஒன்றுவது?

இன்னொன்று, இது காட்டும் பாரிஸ் வசதியான, படித்த, பெரும்பாலும் வெள்ளைக்கார பாரிஸ். ஆப்பிரிக்காவிலும் கரீபியனிலும் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குக் கதையின் நடுவே இடம் இல்லை. நம் புதுச்சேரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அழகான பூங்கா, காபிக் கடை, காதல் என்று ஒரு கனவை விற்றுத்தான் தொடர் ஆர்வத்தை உண்டாக்குகிறது என்ற குற்றச்சாட்டை என்னால் மறுக்க முடியவில்லை.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. காணொளியை மட்டும் பார்த்தால் மொழி வராது. பாடநூல், பயிற்சி நூல், ஒலிப்பதிவு எல்லாம் சேர்ந்ததுதான் பாடம். தனியாகப் பார்த்த நான் இருபதாம் பாடத்துக்குப் பிறகு தள்ளாடினேன். கேட்கத் தெரிந்த அளவுக்குப் பேச வரவில்லை.

நமக்கு என்ன?

மொழி கற்பதில் ஊக்கம் பற்றிய ஆய்வே பிரெஞ்சு கற்றவர்களிடமிருந்துதான் பெரிதாக வளர்ந்தது. 1959-இல் கனடாவின் மொன்ரியால் நகரில் பிரெஞ்சு படித்த ஆங்கில மாணவர்களைக் கார்ட்னரும் லாம்பர்ட்டும் ஆராய்ந்தார்கள். வேலைக்காகக் கற்பது ஒன்று, அந்த மொழி பேசுகிறவர்களோடு நெருங்க ஆசைப்பட்டுக் கற்பது வேறொன்று என்று பிரித்துக் காட்டினார்கள். பின்னர் வந்த டோர்னியை, ‘நான் ஆக விரும்பும் நான்’, ‘நான் ஆகவேண்டும் என்று பிறர் எதிர்பார்க்கும் நான்’ என்று அதை வேறு விதமாக விளக்கினார். பட்டயப் படிப்பில் தேர்வுக்காக இதைப் படித்தேன். இப்போதுதான் என் வகுப்பில் பார்க்கிறேன்.

பிரெஞ்சு வகுப்பில் அந்த மாணவி, தான் ஆக விரும்பும் ஒருத்தி. என் வகுப்பில் அவள் எல்லாரும் எதிர்பார்க்கும் ஒருத்தி. ‘நம்ம மொழி, நீதான் காப்பாத்தணும்’ என்று பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றிவைக்கிறோம். பிரெஞ்சைக் காப்பாற்றும்படி அவளிடம் யாரும் கேட்பதில்லை. அங்கே அவள் தவறு செய்தால் அது வெறும் தவறு. தமிழில் செய்தால் வெட்கம்.

சென்ற தவணையில் காப்ரெட்ஸின் முதல் உத்தியை மட்டும் கடன் வாங்கினேன். வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம், எட்டு வாரம். மாணவர்கள் பேசிப் பேசியே ஒரு கதை கட்டவேண்டும், எழுதக்கூடாது. தேக்கா சந்தையில் ஒரு மீன்கடைக்காரரின் மகளும், ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் ஓர் இளைஞனும் அவர்கள் தேர்ந்த பாத்திரங்கள். மூன்றாம் வாரம், வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, “அவ அவன வான்னு சொல்லமாட்டா, இன்னும் பழகலயே, வாங்கன்னுதான் சொல்லுவா” என்றான். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மரியாதைச் சொல்லைப் பற்றி நான் ஒரு பயிற்சித்தாள் கொடுத்திருந்தால் இந்தச் சண்டை வந்திருக்காது.

அதனால் மதிப்பெண் ஏறியதா? கட்டுரையில் பெரிய மாற்றம் இல்லை. வாய்மொழிப் பயிற்சியில் பதில்கள் சற்று நீண்டன, அவ்வளவுதான். இரண்டு பேர் கடைசிவரை கலந்துகொள்ளவே இல்லை. எட்டு வாரத்தை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேச எனக்கு விருப்பமில்லை.

நீங்களும் இந்தத் தொடரில் ஓரிரு பாடங்களையாவது பாருங்கள். பிரெஞ்சு தெரியவேண்டாம், தெரியாமல் இருப்பதுதான் நல்லது. ஒன்றும் புரியாத ஒரு மொழியின் முன் உட்கார்ந்து, எந்த இடத்தில் சலிக்கிறது, எந்த இடத்தில் அடுத்த பாடத்தைப் போடக் கை நீள்கிறது என்று கவனியுங்கள். பிறகு நாளைய பாடக்குறிப்பை எடுங்கள். அதில் மாணவர்களுக்கு முன்பே தெரியாத ஏதாவது ஒன்று இருக்கிறதா?

எட்டாம் வாரம் மணி அடித்ததும் அந்த மாணவி மேசைக்கு வந்தாள். “அவன் திரும்ப வருவானா டீச்சர்?” என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே பிரெஞ்சு வகுப்புக்குப் பஸ் பிடிக்க ஓடினாள்.