கருப்பொருளும் உரிப்பொருளும்: எல்லைப்புறக் கதைகள் வழி ஒரு நோக்கு

கதையைச் சுவைப்பதற்குக் கலைச்சொற்கள் வேண்டுவதில்லை. ஆராய்வதற்கோ அவையின்றி இயலாது. கதைப்பின்னல், பாத்திரம், பின்புலம், நோக்குநிலை, கருப்பொருள் எனச் சில சொற்களை இன்றைய திறனாய்வு நூல்கள் நமக்குத் தந்துள்ளன. இவற்றுள் 'கருப்பொருள்' என்னும் ஒரு சொல் விளைக்கும் மயக்கத்தையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

கதை உணர்த்தும் மையக் கருத்தையே இக்காலத்தார் கருப்பொருள் என்கின்றனர். தொல்காப்பியர் வகுத்த பொருள் இதுவன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மாந்தரின் அகவொழுக்கமே உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது உரையாசிரியர் கொள்கை. ஆகவே, நாம் இன்று கருப்பொருள் எனத் தேடுவது உண்மையில் உரிப்பொருளையே ஆகும்.

பெயர் மாறினால் என்ன என்று வினவலாம். பெயர் மாறும்போது பார்வையும் மாறுகிறது என்பதற்குப் பாலக்காட்டுக் கதையொன்று சான்று. தஸராக் என்னும் சிற்றூரை உட்கொண்டு ஓ.வி. விஜயன் மலையாளத்தில் எழுதிய 'கசாக்கின் இதிகாசம்' 1969-இல் நூலாயிற்று. அதனைத் தமிழாக்கிய யூமா வாசுகி 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். ஓராசிரியர் பள்ளி நடத்த வரும் ரவியின் கதை அது. 'கருப்பொருள் யாது?' எனின், கல்வி பரப்புதல் என ஒரு மாணவன் எளிதில் விடையெழுதிவிடுவான். பழைய பகுப்பின்படி நோக்கினால், பள்ளி தொழில், பனை மரம், ஊர் போற்றும் ஷேக்கு தெய்வம். இவை யாவும் கருவே. ரவி சுமந்து வரும் குற்றவுணர்வே உரி. கூமன்காவில் பேருந்திலிருந்து இறங்கியவன் அங்கேயே பேருந்துக்குக் காத்திருக்கும் நிலையில் கதை முடிகிறது. அந்தப் பின்னலின் பொருள் உரிப்பொருளை உணர்ந்தார்க்கே விளங்கும்.

இனி மலைக்கு ஏறுவோம். பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடைப்பட்ட ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைக் களமாகக் கொண்டது, மருத்துவர் பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். மலையும் குளிரும் குறிஞ்சியின் முதற்பொருள். புணர்தல் அதன் உரி. ஆனால் இந்நாவலில் நாம் காண்பதோ பிரிவு. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட ஊர்களை விட்டு, முன்பணம் வாங்கி மலையேறிய கூலி மக்கள், கடன் தீராமையால் ஊர் திரும்ப வழியற்று நிற்கின்றனர். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் நெறி. இங்கோ மழை குறையாத மலையிலேயே பாலை பிறக்கிறது. அதனைப் பிறப்பித்தது கோடை அன்று, கடன்.

உரிப்பொருள் அல்லாதன ஒன்றோடொன்று மயங்கலாம் என்று தொல்காப்பியர் விதித்ததன் நுட்பம் இங்கே புலனாகிறது. நிலம் மயங்கும், மொழி மயங்கும், உணவும் உடையும் மயங்கும். 1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன; அங்கெல்லாம் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே ஒலிக்கின்றன. இம்மயக்கத்தை மட்டும் கண்டு, 'வட்டாரக் கதை' என ஒரு பெயரிட்டு ஒதுக்குவது திறனாய்வு ஆகாது. அது கருவோடு நின்றுவிடும் பார்வை.

நோக்குநிலை என்பதற்கும் 'கூற்று' என்னும் சொல் நம்மிடம் உண்டு. யார் கூறுகின்றார், யார் கேட்கின்றார் என்று வினவுவது அகப்பாடலைப் பயில்வார்க்குப் பழகிய முறையே. தோட்டத் தொழிலாளியின் துயரை ஒரு மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியதும், அது பின்னர்த் தமிழுக்கு வந்ததும் இவ்வினாவால் பொருள் பெறுகின்றன. துயருற்றவர் தம் கூற்றாக அன்றிக் கண்டோர் கூற்றாகவே அவ்வரலாறு நமக்கு வாய்த்தது.

புதிய கலைச்சொற்களை நாம் வெறுக்கவில்லை. பழஞ்சொல்லைக் கடன் கொள்ளுங்கால் அதன் பொருளையும் உடன் கொள்க என்பதே நம் வேண்டுகோள். எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளியில் பயிலும் பிள்ளை, தன் ஊரின் தேயிலையும் பனையும் கரு என்றும், தன் பாட்டன் பட்ட பிரிவுத் துயர் உரி என்றும் பிரித்தறியுமாயின், அதற்குக் கதை மட்டுமன்றித் தன் குடியின் வரலாறும் விளங்கும்.