வந்தவர் தந்த காற்பங்கு

ஆசிரியரிடம் பாடங் கேட்ட மாணாக்கன் அக்கல்வியில் எவ்வளவு பெறுகிறான்? நன்னூலார் இதற்குக் கணக்கே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் உரைத்ததைக் குறைவறக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைத் தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே வந்து சேரும் என்பது அவர் கருத்து. தமிழாசிரியர் நன்கறிந்த இவ்விலக்கணம், இக்காலத்து முயற்சி ஒன்றை மதிப்பிடவும் ஏற்ற அளவுகோலாகும்.

செல்வ நாடுகளின் பேராசிரியர்கள் வளரும் நாடுகளுக்குச் சென்று கணிப்பொறியியல் கற்பிக்கத் துணைநிற்பதே அம்முயற்சி. போற்றுவோர் வந்தவரின் பெருமையைப் பேசுகின்றனர். தூற்றுவோர் அயலார் உதவி என்று ஒதுக்குகின்றனர். இரு சாராரும் அளந்து பார்ப்பதில்லை. கான்பூரின் வரலாற்றைக் கொண்டு அளந்து பார்த்தல் தகும்.

கான்பூரில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959-இல் தோன்றியது. அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்களும் உயர்கல்வி நிலையங்களும் ஒன்றுகூடி, 1962 முதல் 1972 வரை அதற்குத் துணைநின்றன. 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறியில் அங்குப் பாடம் தொடங்கியது. கற்பிக்க வந்தவருள் பர்க்லிப் பேராசிரியர் ஹாரி ஹஸ்கி குறிப்பிடத்தக்கவர். இவர் 1947-இல் இங்கிலாந்தில் ஆலன் டூரிங்குடன் பணியாற்றியவர்; இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர்.

பொறி வந்ததனால் கல்வியும் வந்தது என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்தாது. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இலேயே இங்கிலாந்திலிருந்து கணிப்பொறி வந்துவிட்டது. அது ஆராய்ச்சிக் கணக்குகளுக்கு உதவியது. ஆனால் கணிப்பொறியியலைப் பாடமாக வகுத்து மாணவர்க்கு முறையாகக் கற்பிக்கும் வழக்கம் எட்டாண்டு கழித்துக் கான்பூரிலேதான் வேரூன்றியது. ஆகவே பொறி வேறு, கல்வி வேறு என்பது தெளிவு.

இவ்வேற்றுமையை அந்தப் பொறியின் அமைப்பே விளக்குகிறது. 1620 பொறியின் முதல் வடிவத்தில் கூட்டுவதற்கெனத் தனி உறுப்பு இல்லை. கூட்டல் வாய்ப்பாடும் பெருக்கல் வாய்ப்பாடும் நினைவகத்தில் இடப்பட்டிருக்கும். பொறி அவற்றைப் பார்த்தே விடை தரும். வாய்ப்பாட்டில் ஓரெண் பிழைத்தால் அதனைக் கொண்டு வரும் விடையும் பிழைபடும்; அதனைப் பிழையென்று உணரும் ஆற்றல் பொறிக்கு இல்லை. வந்த பேராசிரியர் சொன்னதை அவ்வாறே ஒப்பிக்கும் கல்வியும் இத்தகையதே அன்றோ? அது காற்பங்கோடு நின்றுவிட்ட கல்வி.

கான்பூர் காற்பங்கோடு நிற்கவில்லை. ஈரோட்டில் பிறந்து, அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பிய பேராசிரியர் வி. இராஜாராமன் போன்ற இளம் ஆசிரியர்கள் வந்தவரோடு தோளுக்குத் தோள் நின்று கற்பித்தனர். தொழிற்சாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் பணிபுரிந்தோர்க்குப் பத்து நாள் வகுப்புகள் நடைபெற்றன. அவர்கள் ஃபோர்ட்ரான் மொழியில் தாமே நிரல் எழுதிப் பொறியில் இட்டுப் பார்த்துப் பிழை திருத்தினர். இது இரண்டாம் காற்பங்கு.

எஞ்சிய அரைப்பங்கே பெரிது. வகுப்புகளில் கற்பித்த பட்டறிவைக் கொண்டு இராஜாராமன் நிரலாக்கப் பாடநூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1969-இல் குறைந்த விலையில் வெளிவந்து, கணிப்பொறியைக் கண்ணாலும் காணாத கல்லூரிகளுக்கும் சென்றது. கான்பூரில் கற்பித்த பேராசிரியர் மகாபலா, 1973-இல் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சென்று அங்கும் இத்துறையை வளர்த்தார். 1978-இல் இருபது மாணவரைக் கொண்டு கணிப்பொறியியல் இளநிலைப் பட்டப்படிப்பு கான்பூரில் தொடங்கியது. அமெரிக்கத் துணை முடிந்து ஆறாண்டு கழிந்த பின் நிகழ்ந்தது இது என்பதை மறத்தல் கூடாது. விருந்தினர் போன பின்னும் அடுப்பு எரிந்தது; அந்நெருப்பு அவ்வீட்டாருடையது.

குறையும் உண்டு, அதனை மறைப்பது திறனாய்வு ஆகாது. அங்குப் பட்டம் பெற்றோரில் பலர் அமெரிக்காவுக்கே சென்றனர். அவர்கள் கற்பித்திருக்க வேண்டிய அரைப்பங்கு பிறந்த நாட்டுக்குக் கிட்டவில்லை. பாடம் முழுதும் ஆங்கிலத்தில் அமைந்தமையால், ஊர்ப்புறப் பள்ளிக்கு அவ்வறிவு வந்துசேரப் பல்லாண்டு ஆயிற்று. ஆனால் இப்பழி வந்தவரை மட்டும் சாராது. கற்றவர் தங்கிக் கற்பிப்பதற்குரிய இடத்தையும் மதிப்பையும் அமைத்துத் தருவது அழைத்தவர் கடமை. தாய்மொழியில் நூல் ஆக்குவது கற்றவர் கடமை.

கான்பூருக்குக் கிடைத்தது பத்தாண்டுத் துணை. இரு வாரம் வந்து சொற்பொழிவாற்றி மாலை பெற்றுச் செல்லும் வருகைகளை அதனோடு ஒப்பிட இயலாது. குறுகிய வருகை வேண்டா என்பதன்று கருத்து. அவ்வருகையின் ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் உடன் நிற்க வேண்டும், மறு பருவத்தில் அப்பாடத்தை அவரே நடத்த வேண்டும் என்பதே கருத்து.

ஆதலின், பேராசிரியரை அழைப்போர் முதலிற் கேட்க வேண்டியது அவர் எவ்வளவு பெரியவர் என்பதன்று. அவர் விமானம் ஏறிய மறுநாட் காலையில், அதே கரும்பலகையின் முன் நின்று அதே பாடத்தைத் தொடரப்போகிறவர் யார் என்பதே. அவ்வினாவுக்கு ஒரு பெயர் விடையாகக் கிடைக்குமாயின் அழைக்கலாம். கிடையாதாயின், பெறப்போவது காற்பங்கே.